ஆற்றுக்குள் கால் ஊன்றாத ஹவுரா பாலம்

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் கொல்கத்தாவுக்குச் செல்பவர்கள் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலேயே இறங்க வேண்டியிருப்பதால், நகரத்துக்குள் நுழையும் முன்பே அவர்கள் கண்ணில் படுவது ஹவுரா பாலம்தான். அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், நட்டும் போல்ட்டும் இல்லாமல் கட்டப்பட்ட அதிசயம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். செய்தி உண்மைதான், ஆனால் அக்காலத்துப் பெரிய எஃகுப் பாலங்களை ரிவெட் என்னும் ஆணிகளை அடித்து இணைப்பதே வழக்கம் என்பதால், அதில் இந்தப் பாலத்துக்கென்று தனிப் பெருமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஹூக்ளி வண்டல் மிகுந்த ஆறு. கடலின் ஏற்ற இறக்கம் அதன் நீர்மட்டத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தை நம்பி வளர்ந்த நகரத்தில், ஆற்றின் நடுவே தூண்களை நிறுத்தினால் நீரோட்டம் தடைப்பட்டு மணல் படியும், கப்பல் வழி தூர்ந்துபோகும் என்ற அச்சம் இருந்தது. அதனால்தான் 1874இல் சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி இங்கே மிதவைப் பாலம் ஒன்றை அமைத்தார். 1,528 அடி நீளமும் 62 அடி அகலமும் கொண்ட அந்தப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் மாதப் புயலில் கட்டறுந்து வந்த எஜீரியா என்ற நீராவிக் கப்பல் மோதியதில் மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறத்தாழ 200 அடிப் பகுதி சேதமடைந்தது. பழுதுபார்த்து அக்டோபர் 17 அன்று திறந்தார்கள். கப்பல் வரும்போதெல்லாம் பாலத்தின் நடுப்பகுதியை விலக்கி வழிவிட வேண்டும்; 1906 வரை அதைப் பகலில் மட்டுமே செய்ததால், இரு கரைகளிலும் மாட்டு வண்டிகளும் மனிதர்களும் காத்துக் கிடந்தார்கள்.

புதிய பாலம் வேண்டும் என்ற பேச்சு 1906லேயே தொடங்கிவிட்டது. அதன் பிறகு குழுக்கள் வந்தன, உலகப் போர் வந்தது, மறுபடியும் குழுக்கள் வந்தன. 1921இல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது; 1926இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; வேலை தொடங்கியதோ 1936இல்தான். முப்பது ஆண்டுத் தாமதம் என்று குறை சொல்லலாம். ஆனால் மிதவையா, வளைவா, கரையில் ஊன்றிய கைகள் ஆற்றின் மேல் நீளும் கான்டிலீவரா என்று வாதாடியே, தூணில்லாத இன்றைய வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரெண்டல், பால்மர், டிரிட்டன் நிறுவனத்தின் வடிவமைப்பில், கரைக்கு ஒன்றாக 280 அடி உயரக் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் 468 அடி நீளக் கை ஆற்றின் மேல் நீள்கிறது. அந்த இரு கைகளும் நடுவே 564 அடிப் பகுதியைத் தாங்கிக்கொள்வதால், கோபுரத்துக்குக் கோபுரம் 1,500 அடி இடைவெளி கிடைத்தது. இவ்வளவு பாரத்தையும் கரையின் சேற்று மண்ணில் நிறுத்துவதற்குப் பெரும் கிணறுகளைப் போன்ற அடித்தளங்களை இரவு பகலாக மண்ணுக்குள் இறக்கினார்கள். கொல்கத்தா பக்கம் மணல் உள்ளே சரிந்து கொட்டாதிருக்க அழுத்தக் காற்றைச் செலுத்தி, அதற்குள்ளேயே ஆட்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஓரிரவு அடியிலிருந்த மண் திடீரென்று நெகிழ்ந்து, அடித்தளம் முழுவதும் இரண்டடி கீழே இறங்கிவிட்டது. அந்த அதிர்ச்சியைக் கொல்கத்தாவின் கிதிர்பூர் பகுதியிலிருந்த நிலநடுக்கமானி பூகம்பம் என்றே பதிவு செய்தது. கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகை இரண்டாம் உலகப் போர் நிறுத்தியது. தேவைப்பட்ட 26,500 டன்னில் ஏறத்தாழ 23,000 டன்னை டாடா நிறுவனம் தந்தது. இதற்கெனத் திஸ்க்ரோம் என்ற உறுதிமிக்க கலப்பு எஃகையும் அது தயாரித்தது. அந்த நெருக்கடி இல்லாதிருந்தால், ஆங்கிலேயர்கள் இந்திய எஃகை இந்த அளவுக்கு நம்பியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மீது குண்டு வீசின. அதனால் 1943 பிப்ரவரி 3 அன்று விழாவோ ஆரவாரமோ இல்லாமல் பாலத்தைத் திறந்தார்கள். முதலில் கடந்தது ஒரு டிராம். 1965இல் ரவீந்திர சேது என்று பெயரிட்டார்கள், ஆயினும் மக்கள் பேச்சில் அது ஹவுரா பாலமாகவே நீடிக்கிறது. நெரிசலைப் பகிர்ந்துகொள்ள 1992இல் வித்யாசாகர் சேது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹவுரா பாலத்தில் டிராம்கள் நிறுத்தப்பட்டன.

பாலத்தைப் பராமரிக்கும் துறைமுகத்தினருக்குப் பறவை எச்சமும் தொல்லை, மனித எச்சிலும் தொல்லை. வெற்றிலையும் குட்காவும் மென்று துப்பியதில், தளத்தைத் தாங்கும் எஃகுத் தொங்கல்களின் அடியிலுள்ள காப்பு உறைகள் 2007க்கும் 2011க்கும் இடையே ஆறு மில்லிமீட்டரிலிருந்து மூன்றாகத் தேய்ந்திருந்ததைப் பொறியாளர்கள் கண்டார்கள். எச்சில் எஃகைத் தொடாதபடி, பிறகு அந்த இடங்களுக்குக் கண்ணாடியிழை உறைகளை மாட்டினார்கள்.