கோடரிக்குத் தப்பி, குழாயில் செத்த காடு

அலையாத்திக் காடு பட்டுப்போனதாகத் தகவல் வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது வெட்டுத்தடத்தை. நாங்கள் தேடுவது ரோட்டை. காயலுக்கும் கடலுக்கும் நடுவே மண்மேடு போட்டு, கடல்நீர் வந்து போக பத்து மீட்டர் அகலத்தில் ஓடிய கழிக்குப் பதிலாக 60 செ.மீ. குழாய் ஒன்றைப் புதைத்திருப்பார்கள்.

கொலம்பியாவின் சியனாகா கிராண்டே காயலில் 1956-இல் தொடங்கிய கடற்கரைச் சாலை கடலோடு இருந்த தொடர்பை அடைத்தது. ஆற்று நன்னீரும் குறைந்தது. நாற்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் காடு போய்விட்டது. பிச்சாவரத்தில் கதை வேறு மாதிரித் தெரியும்: அங்கே மொட்டையாக வெட்டினார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமிழ்ந்தது, பள்ளத்தில் ஓதநீர் (கடல் ஏறும்போது உள்ளே வரும் தண்ணீர்) தேங்கி ஆவியானது, உப்பு மிஞ்சியது. அங்கேயும் மறுபடி முளைக்க விடாதது தேங்கிய தண்ணீர்தான். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகே நாற்று பிடித்தது.

குழாயின் விட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அடிமட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய கழியின் தரைமட்டத்தைவிட ஒரு சாண் உயரத்தில் குழாயை வைத்தால், ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வத்தத்தில், அதாவது கடல் இறங்கும்போது, அந்த ஒரு சாண் தண்ணீர் வெளியேறாது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சுவேர் பென்சில் மாதிரி பத்து இருபது செ.மீ. நிற்கும், அது நாள் கணக்கில் முங்கிக் கிடந்தால் கீழே உள்ள வேருக்குக் காற்று போகாது. மழைக்காலத்தில் மூச்சுத்திணறல், கோடையில் உப்பு.

சோதிப்பது எளிது. ரோட்டின் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்குச் சரிபார்த்த அளவுகோல் நட்டு, பௌர்ணமி ஓதம் ஒன்று முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் குறியுங்கள். உள்பக்கத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் சுருங்கியிருந்தால், அல்லது இறக்கம் மணிக்கணக்கில் பிந்தினால், குற்றவாளி அகப்பட்டாயிற்று.

உப்பை மேல்தண்ணீரில் அளக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் அது பொய் சொல்லும். துளையிட்ட பிவிசி குழாயைச் சேற்றில் 30 செ.மீ. இறக்கி, ஊறும் நீரைத் துணியில் வடிகட்டி உப்பின் அளவைக் கோடாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விடுங்கள். வடிகட்டாவிட்டால் கோடு மங்கலாகத் தெரியும். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் சுமார். 70-ஐத் தாண்டினால் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்துக்கு இடமில்லை. வெண்கண்டல் இருக்கும், இடுப்புயரத்துக்கு மேல் வளராது.

கழிவுநீர் கலக்கும் காயலென்றால் ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். மதியம் பாசி வெளிவிடும் ஆக்சிஜனால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். மீன் செத்து மிதப்பது விடிகாலையில்.

நாற்று நடும் விழாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகைப்படத்துக்கு வசதியென்று கடல்பக்கத் திறந்த சேற்றில் சுரபுன்னை நடுகிறார்கள். அது மரம் நின்ற இடமே இல்லை. பெரும்பாலான நேரம் தண்ணீருக்கடியில் கிடக்கும். தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரி ஒட்டிக்கொண்டு, கனம் தாங்காமல் கன்று சாய்ந்துவிடும். பக்கத்தில் நன்றாக நிற்கும் காட்டின் தரைமட்டத்தை அளந்து, அதே மட்டத்தில் ஓதம் வந்து போக வழி செய்தால் விதை தானே மிதந்து வரும். விதை தரும் தாய்மரம் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் நட்டால் போதும்.