டோபார் போட்டேன், வயரிங்கும் நானே செய்தேன்

காருக்கு டோபார், அதாவது டிரெய்லரை மாட்டி இழுக்கும் இரும்புச் சட்டம், போடப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் இரும்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு எடை இழுக்கும், பம்பரை வெட்ட வேண்டுமா, போல்ட்டை எப்படி முறுக்குவது என்று. அதெல்லாம் சுலபம். என் மண்டையைக் குடைந்தது வயரிங்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில். வண்டி, இரண்டாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட். இழுக்க நினைத்தது பெரிய கேரவன் எல்லாம் இல்லை. தோட்டத்துக் குப்பையையும் பழைய சாமான்களையும் ஏற்றிப் போக, பிரேக் இல்லாத ஒரு சின்ன செகண்ட்ஹேண்ட் டிரெய்லர். இந்த ரகத்துக்கு உச்ச எடை, சுமையோடு சேர்த்து, 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. லைசென்ஸ் தொல்லை இப்போது இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்களே தனிப் பரீட்சை இல்லாமல் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம் என்று ஆகிவிட்டது. கவுன்சில் குப்பை மையங்கள் பலவற்றில் டிரெய்லரோடு உள்ளே போகத் தனி பெர்மிட் கேட்பார்கள். அதை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இரும்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க பம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் டோபாரின் குறுக்குச் சட்டத்தைப் பொருத்த வேண்டும். 1998 ஆகஸ்ட் முதல் பதிவான கார்களுக்கு, அந்த மாடலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற டோபார்தான் போட வேண்டும். அதனால் போல்ட் ஓட்டைகள் எல்லாம் சரியாக வந்து உட்கார்ந்துவிடும். போல்ட்டைக் குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ‘கைக்குத் தெரியும்’ என்ற பேச்சு இந்த இடத்தில் வேண்டாம்.

இனி வயரிங். முதல் முடிவு, எந்த கிட் வாங்குவது என்பது. மலிவாகக் கிடைப்பது யுனிவர்சல் கிட். பின்விளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்ன இணைப்பு எடுத்து பைபாஸ் ரிலேவுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ரிலே, காரின் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, டிரெய்லருக்கான கரண்டை பேட்டரியிலிருந்து தனியாக ஃபியூஸ் வழியே எடுத்துக் கொடுக்கும். பழைய கார்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ரிலேகூட இல்லாமல் நேரடியாக வயரோடு வயரை முறுக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்தைய வண்டி என்றால் சரி. இன்றைய காரில் ஒவ்வொரு பல்பையும் கம்ப்யூட்டர்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. 21 வாட் பல்பு இருக்கும் இடத்தில் திடீரென்று 42 வாட் இழுத்தால், ஏதோ ஷார்ட் என்று நினைத்து அந்த லைனையே அணைத்துவிடக்கூடும். போதாததற்குச் சில கார்களில் பிரேக் லைட்டும் டெயில் லைட்டும் ஒரே பல்புதான். கரண்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பி மங்கலாக எரிய வைக்கிறார்கள். அந்தத் துடிப்பைச் சில ரிலேக்களால் சரியாகப் படிக்க முடியாது. டிரெய்லர் விளக்கு படபடவென்று மின்னும்.

இன்னொன்று, மாடலுக்கென்றே வரும் கிட். விலை கூடுதல். இதில் விளக்கு வயர்களைத் தொட வேண்டியதில்லை. ஒரு மாட்யூல், காரின் கம்ப்யூட்டர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கேன்-பஸ் லைனில் சேர்ந்து, இண்டிகேட்டர் போட்டாயிற்று, பிரேக் அழுத்தியாயிற்று என்ற செய்திகளைக் கேட்டு டிரெய்லர் விளக்கைத் தானே எரிய வைக்கும். நான் இதையே வாங்கினேன். விளக்கு எரிவது மட்டுமே காரணம் இல்லை. பின்னால் ஒரு டிரெய்லர் தொங்குகிறது என்று காருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ரிவர்ஸ் சென்சார் டிரெய்லரைப் பார்த்துக் கத்தாமல் இருக்கும்; காரின் பின் ஃபாக் லைட் அணைந்து டிரெய்லரின் ஃபாக் லைட் மட்டும் எரியும். வசதி உள்ள கார்களில், டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக் போட்டு நிதானப்படுத்துவதும் அப்போதுதான் வேலை செய்யும். டிரெய்லரின் இண்டிகேட்டர் வேலை செய்கிறது என்று ஓட்டுநருக்குக் காட்டும் அடையாளம் ஒன்று சட்டப்படியே வேண்டும். யுனிவர்சல் கிட்டில் அதற்கு ஒரு பஸ்ஸர் கத்தும். எனக்கு டாஷ்போர்டிலேயே பச்சை விளக்கு வந்துவிட்டது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக்கையும் கதவோரப் படிப் பட்டைகளையும் எடுக்க பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். ஸ்க்ரூடிரைவர் விட்டால் தழும்பு விழும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்.

டிரெய்லர் பிளக்கைச் செருகும் சாக்கெட்டிலிருந்து வரும் வயர் கட்டு தரையில் உள்ள ரப்பர் வளையம் வழியாக டிக்கிக்குள் வரும். அங்கே மாட்யூல். அங்கிருந்து மின்சாரத்துக்கான வயர்கள் படிப் பட்டைக்கு அடியில் ஓடி, டாஷ்போர்டின் ஓரத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்குப் போகும். கேன்-பஸ் வயர்கள் இரண்டு: ஆரஞ்சு-பச்சை ஒன்று, ஆரஞ்சு-பழுப்பு ஒன்று, இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கி இருக்கும். மாற்றிக் கொடுத்தால் மாட்யூலுக்கு எதுவும் கேட்காது. இந்த இணைப்பை நான் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகளை நான் நம்புவதில்லை. வீட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, குளிர்காலத்தில் உப்புத் தூவும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது சரிப்படாது.

சாக்கெட் 13 பின் உள்ளது. இங்கே பழைய டிரெய்லர்களில் 7 பின் பிளக்தான், எனதும் அப்படியே. முதல் ஏழு பின்களின் வேலை இரண்டிலும் ஒன்றுதான்: 1 இடது இண்டிகேட்டர், 2 ஃபாக், 3 எர்த் (கரண்ட் திரும்பும் வழி), 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். 13 பின்னில் கூடுதலாக 8 ரிவர்ஸ் லைட், 9 எப்போதும் இருக்கும் 12 வோல்ட், 10 கேரவன் ஃப்ரிட்ஜுக்கு. 11, 13 ஆகியவை அந்த இரண்டுக்கும் உரிய எர்த். வயரின் நிறத்தை வைத்து வேலை செய்யாதீர்கள், கிட்டுக்குக் கிட் மாறும். சாக்கெட்டின் பின்பக்கம் எண்கள் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். முன்பக்கப் படத்தை வைத்துக்கொண்டு பின்பக்கம் வயர் மாட்டினால் இடம் வலமாகிவிடும், அதுவும் நினைவிருக்கட்டும்.

எல்லாம் மாட்டியதும் கோடிங், அதாவது புது மாட்யூல் இருப்பதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. காரின் கம்ப்யூட்டரை லேப்டாப்போடு இணைக்கும் விசிடிஎஸ் கேபிள் நண்பர் ஒருவரிடம் இருந்தது. 19ஆம் எண் கேட்வேயில் போய், நிறுவப்பட்ட மாட்யூல்களின் பட்டியலில் 69, அதாவது டிரெய்லர், என்பதை டிக் செய்து சேமித்தோம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்குக் கடைகளில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால், கிட் வாங்கும்போதே இதை யார் செய்து தருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டில் செருகி விளக்கு இணைப்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் போர்டை மாட்டிப் பார்த்தபோது எல்லாம் கச்சிதம். பிறகு டிரெய்லரை மாட்டினேன். ஹெட்லைட் போடாமல் இண்டிகேட்டர் போட்டால் ஒழுங்காக எரிகிறது. ஹெட்லைட்டையும் போட்டு பிரேக்கை அழுத்தினால் டெயில் லைட் மங்குகிறது, இண்டிகேட்டரும் லேசாக ஒளிர்கிறது. கார் பக்கம் போர்டில் சரியாக இருந்ததால் சந்தேகம் டிரெய்லர் மீதுதான். இந்த மாதிரி விளக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்தால் எர்த்தைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம். கரண்ட் திரும்பிப் போக வழி அடைபட்டால், பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹஸார்டில் இரண்டு இண்டிகேட்டர் 42 வாட், பிரேக் 42, ஃபாக் 21, டெயிலும் நம்பர் பிளேட்டும் சேர்த்து 20. மொத்தம் 125 வாட். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியருக்கும் கொஞ்சம் மேல். அத்தனையும் திரும்பி வருவது 3ஆம் பின்னில் உள்ள ஒற்றை வெள்ளை வயரில். அது துரு ஏறிய போல்ட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, விளக்கெல்லாம் எரியும்போதே ஒரு முனையைப் பிளக்கின் 3ஆம் பின்னிலும் மறு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த்திலும் வைத்தேன். கிட்டத்தட்ட சுழி வர வேண்டிய இடத்தில் சில வோல்ட்கள் வந்தன. ஓம் அளவில் வைத்துப் பார்த்திருந்தால் இது எளிதில் தெரியாது. வயரின் ஒரே ஒரு இழை பிழைத்திருந்தாலும் மீட்டர் நல்லது என்றுதான் சொல்லும். சுமை இருக்கும்போது பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சட்டத்தில் எர்த் போல்ட் இருந்த இடத்தைப் பளபளக்கும் வரை தேய்த்து, புது ரிங் டெர்மினல் அடித்து, மேலே கிரீஸ் பூசினேன். அவ்வளவுதான், விளக்குகள் பிரிந்து நின்றன.

டிரெய்லருக்கு எல்இடி விளக்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் கிட்காரரிடம் கேளுங்கள். எல்இடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று கார் புகார் சொல்லும். சில மாட்யூல்கள் டிரெய்லரே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

13-லிருந்து 7-க்கு மாற்றும் அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். அப்படியே மாட்டி வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே நின்று பின்கள் பச்சை பூக்கும். ஃபாக் லைட்டை அணைக்க சாக்கெட்டுக்குள்ளேயே சுவிட்ச் வைத்திருக்கும் ரகம் என்றால், அடாப்டர் மாட்டியிருந்தாலே போதும், டிரெய்லரே இல்லாதபோதும் காரின் பின் ஃபாக் எரியாது. வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி பரிசோதனையில் இப்போது 13 பின் சாக்கெட்டையும் சோதிக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரருக்கு டோபார் போட்டதைத் தெரிவித்துவிடுங்கள். எனக்குப் பிரீமியம் ஏறவில்லை.