கொழும்பில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு

கொழும்பின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் கறியும் மதியத்துக்கே உரியவை. மாலையானதும் சோற்றுச் சட்டிகள் உள்ளே போய்விட, அப்பமும் இடியப்பமும் ரொட்டியும் கொத்தும் கடையைப் பிடித்துக்கொள்கின்றன. இரவு ஏற ஏற அவையும் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கொத்து ரொட்டிதான். ஆகவே நள்ளிரவை நெருங்கும் வேளையில் அந்த நகரத்தில் பசியோடு இறங்குகிறவர், தமக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதைவிட, அந்த நேரத்துக்கு எது கிடைக்கும் என்று கேட்பதே நல்லது.

சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். இரு நாடுகளுக்கும் ஒரே கடிகாரம். ஆனால் விமானம் தாமதமாகக் கிளம்பியதால், கட்டுநாயக்கவில் குடிவரவு வரிசையைக் கடந்து, 2013இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலை வழியாகப் பம்பலப்பிட்டி அறைக்கு வந்து சேர்வதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. என் மனைவி சைவம். பக்கத்திலுள்ள வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிச் சைவக் கடைகள் உண்டு என்பதை நம்பி ஓட்டோ பிடித்தோம். நாங்கள் பார்த்தவை எல்லாம் அடைத்திருந்தன. ஓட்டோக்காரரே கொள்ளுப்பிட்டிப் பக்கம் திருப்பி, முஸ்லிம் ஒருவர் நடத்தும் கொத்துக் கடையின் முன் நிறுத்தினார்.

மதுரையில் கொத்து பரோட்டா தின்று வளர்ந்தவனுக்குக் கொழும்புக் கொத்து வேறு பண்டம் என்றே சொல்வேன். நம் ஊரில் அடுக்கடுக்கான பரோட்டாவைச் சால்னாவில் ஊறவிட்டுக் கொத்துவார்கள். இங்கே வீசி எடுத்த மெல்லிய ரொட்டியை லீக்ஸ் (வெங்காயத்தாள் போன்ற கீரைத்தண்டு), கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றோடு கல்லில் போட்டு, இரு கைகளிலும் பிடித்த தகடுகளால் வெட்டுகிறார்கள். லீக்ஸின் மணமே முன்னிற்கிறது. ஒருவருக்கென்று தரும் கொத்து இருவருக்குத் தாராளமாகப் போதும். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். நான் கோழிக் கொத்துச் சொன்னேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மனைவிக்காக மரக்கறிக் கொத்துக் கேட்டபோது, கல்லருகே நின்ற இளைஞர் தாமாகவே, “இறைச்சி போட்ட கல்லுதான் அக்கா, கழுவிட்டுப் போட்டுத் தாரன்” என்றார். அவர் சொன்னபடியே கழுவியும் காட்டினார். ஆனாலும் மனைவி கொத்து வேண்டாமென்று வெறும் ரொட்டியும் பருப்புக் கறியும் கேட்டாள். துவையல் போன்ற தேங்காய்ச் சம்பலுக்கு அவள் கை நீண்டதும் அவரே மீண்டும் தடுத்தார்: “அதுல மாசி இருக்கு, வாணாம்.” மாசி என்பது உலர்த்திய சூரை மீன். இடித்துச் சேர்ப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பலில் மட்டுமல்ல, கட்டைச் சம்பலிலும், இனிப்பாகவே இருக்கும் சீனிச் சம்பலிலும்கூட அது சேர்வது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து போகும் சைவக்காரர்கள் இறைச்சியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். மாசியைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றாது. கேட்காமலே சொன்ன அந்த இளைஞரின் நேர்மை, சாப்பாட்டின் ருசியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது.

கடலோரத் திறந்தவெளியான காலிமுகத்திடலில் இருட்டிய பிறகும் தள்ளுவண்டிகளில் இறால் வடை கிடைக்கும். அது கொறிக்கத்தான், பசி தீராது.

மறுநாள் முதல் இருட்டத் தொடங்கியதுமே வெள்ளவத்தைக்குப் போய், சைவக் கடையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியும் பார்சல் வாங்கி அறையில் வைத்துக்கொண்டோம். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினாலும் மனைவிக்குச் சாப்பாடு இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சொதியைத் தனிப் பையில் கட்டித் தரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாப்பிட உட்காரும்போது இடியப்பம் களியாகியிருக்கும்.