ஏகாதிபத்தியத்தைக் கடன் பத்திரத்தில் படிப்பது எப்படி

ஏகாதிபத்தியம் என்றதும் நம் தோழர்கள் பலர் போர்க்கப்பலையும் குண்டுவீச்சையும்தான் பேசுகிறார்கள். அவை இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஒரு ஏழை நாட்டின் உழைப்பை ஆண்டு தவறாமல் உறிஞ்சக் கப்பல் தேவையில்லை. அந்நாட்டு அரசு கையெழுத்திட்ட டாலர் கடன் பத்திரம் போதும். சரக்கு ஏற்றுமதியைவிட மூலதன ஏற்றுமதியே முதலாளித்துவத்தின் இந்தக் கட்டத்துக்கு அடையாளம் என்று 1916இல் லெனின் எழுதினார். அந்த மூலதனம் இன்று என்னென்ன விதிகளோடு வந்து இறங்குகிறது என்பது பத்திரத்தைப் பிரித்துப் படித்தால் தெரியும்.

முதலில் நாணயம். டாலரில் வாங்கிய கடனை டாலரில்தான் கட்ட வேண்டும். வரியோ உள்ளூர்ப் பணத்தில் வசூலாகிறது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாய், மே மாதத்தில் சுமார் 360. நூறு கோடி டாலர் கடன் என்று வைத்துக்கொண்டால், 20,000 கோடி ரூபாயாக இருந்த சுமை 36,000 கோடி ஆகிவிட்டது. புதிதாக ஒரு டாலர்கூட வாங்கவில்லை. ஏற்றுமதியைப் பெருக்கி டாலர் ஈட்டுங்கள் என்பார்கள். தேயிலை, காப்பி, தாமிரம், ஆயத்த ஆடை என்று கடனாளி நாடுகளெல்லாம் ஒரே நேரத்தில் அதையே செய்தால் விலை சரியும். அதே டாலருக்கு முன்னைவிட அதிக உழைப்பைக் கொட்ட வேண்டிவரும்.

அடுத்தது வட்டி. 1973க்குப் பின் எண்ணெய் நாடுகளின் டாலர் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது. வங்கிகள் அதை லத்தீன் அமெரிக்காவுக்கு, பெரும்பாலும் மாறும் வட்டியில், கடனாகத் தள்ளின. 1979இல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பால் வோல்க்கர், தன் நாட்டுப் பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றினார். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது விதி: தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம்? பெரும்பாலான பத்திரங்களில் நியூயார்க் அல்லது இங்கிலாந்து என்றே இருக்கும். கூடவே, இறையாண்மை தரும் சட்டப் பாதுகாப்பைக் கடன் வாங்கும் அரசே விட்டுக்கொடுக்கும் வாசகமும் இருக்கும். நொடித்த நாட்டின் கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கி, முழுத்தொகை கேட்டு வழக்குப் போடும் பிணந்தின்னிக் கழுகு நிதியங்கள் நுழைவது இந்த வழியில்தான். ஜாம்பியா 1979இல் ருமேனியாவிடம் விவசாய இயந்திரங்களைக் கடனுக்கு வாங்கியிருந்தது. டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1999இல் அந்தக் கடனை ருமேனியாவிடமிருந்து 33 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. பிறகு லண்டனில் வழக்குப் போட்டு சுமார் 5.5 கோடி கேட்டு, 2007இல் சுமார் 1.5 கோடி டாலர் பெற்றது. அர்ஜென்டினாவிலோ, 2001இல் திவாலான கடனில் சுமார் 93 சதவீதத்தை வைத்திருந்தவர்கள் மறுசீரமைப்பை, அதாவது வரவேண்டிய தொகையைக் குறைத்துக்கொள்வதை, ஏற்றாயிற்று. ஏற்காத என்எம்எல் நிதியம் 2012இல் கானாவின் தேமா துறைமுகத்தில் அர்ஜென்டினாக் கடற்படையின் பயிற்சிக் கப்பலையே முடக்கியது. கடைசியில் 2016இல் என்எம்எல் உள்ளிட்ட நான்கு நிதியங்கள் 465 கோடி டாலரோடு போயின.

இதைத் தடுக்கத்தான் கூட்டு நடவடிக்கை விதி என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: கடன் தொகையில் 75 சதவீதத்தை வைத்திருப்பவர்கள் மறுசீரமைப்பை ஏற்றால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். ஓட்டை எங்கே என்றால், பழைய பத்திரங்களில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பத்திர வரிசைக்கும் (ஒரே நிபந்தனைகளில் சேர்த்து வெளியிட்ட பத்திரங்களுக்கு) தனித்தனி. ஒரே வரிசையில் 25 சதவீதத்துக்குமேல் வாங்கிக் குவித்தால் தனியொரு ஆளே மறித்துவிடலாம். 2022 ஜூலையில் முதிர வேண்டிய இலங்கைப் பத்திரத்தில் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி இதையே செய்துவிட்டு, நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. (இலங்கையைக் கடன் கொடுத்தே சிக்கவைத்தது சீனா என்று ‘சீனக் கடன் பொறி’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், இலங்கையின் வெளிக்கடனில் பத்திரக்காரர்களின் பங்கு சீனாவின் பங்கைவிடப் பெரியது என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். சீனாவுக்கு நற்சான்று கொடுக்க இதைச் சொல்லவில்லை.)

பிறகு, நிபந்தனைகளோடு கடன் தரும் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வரும். அங்கே பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம் இருக்கிறது. அது தலையசைக்காமல் அந்தப் பெரிய முடிவுகள் எதுவும் நகராது. நிபந்தனைகளில் உற்றுப் பார்க்க வேண்டியது முதன்மை உபரி: வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால், அரசின் வரவு அதன் செலவைவிட எவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும் என்ற இலக்கு. இலங்கைக்கு 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகாமல் மிஞ்சவேண்டிய பணம் அது. 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த வற் (மதிப்புக் கூட்டு) வரி 2024 ஜனவரியில் 18 ஆனது இதற்காகத்தான்.

இதை நாட்டுக்கு நாடு நடக்கும் அநீதி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இலங்கையின் 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாருங்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பத்திரங்களை (அரசின் உள்நாட்டுக் கடன் பத்திரங்களை) தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள்தான் குறைந்த வட்டிக்கு மாற வேண்டும். மறுத்தால் அந்தப் பத்திர வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பு அதற்குள்தான் இருக்கிறது. ஏற்றுமதி விலையைக் குறைத்துக் காட்டி மிச்ச டாலரை வெளிநாட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் முதலாளி, எந்த நாட்டிலும் இந்தக் கடன் மறுசீரமைப்பு மேசைக்கு அழைக்கப்படுவதில்லை.

கழுகுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சாத்தியமே இல்லை என்பதும் பொய். பழைய ஏழை நாட்டுக் கடன்களுக்கு மட்டும் பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் போட்டது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாங்கிய விலைக்குமேல் வசூலிக்கக் கூடாது என்று பெல்ஜியம் 2015இல் சொன்னது. அதை எதிர்த்து என்எம்எல் போட்ட வழக்கும் 2018இல் தோற்றது. ஆனால் கடன் பத்திரங்கள் பெல்ஜியச் சட்டத்தின்கீழ் எழுதப்படுவதில்லை. பத்திரங்கள் எழுதப்படும் நியூயார்க்கில் இப்படிப்பட்ட மசோதாக்கள் 2023இலும் வந்தன, 2024இலும் வந்தன. இரண்டு முறையும் நிறைவேறவில்லை.