வுட்டா பொயச்சிக்குமா?

"ண்ணா, குட்டிக் களவாண்ணா. வுட்ரவா?"

"வுட்டா பொயச்சிக்குமா? ஐஸ்ல போடு."

பேச்சு இவ்வளவுதான். பதில் சொன்னது நான். மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றுகிற நேரத்துக்குள் பையன் கேட்டு, நான் சொல்லி, பெட்டியும் மூடியாகிவிட்டது. தண்ணீர் 35 பாகம் ஆழம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையும் விரித்த நீளம்), வெள்ளம், அதாவது நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற தெண்டி, மீன் ஒரு கிலோ தேறாது. காசிமேட்டில் யாரிடம் சொன்னாலும் "இதுல இன்னா கீது" என்றுதான் கேட்பார்கள். சொன்னது சரிதான் என்று பாதி நாள் தோன்றுகிறது. மீதி நாள், அப்போது காலடியில் கிடந்த ஈயக்குண்டு ஞாபகத்துக்கு வருகிறது.

எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டிலோ பிடிபட்ட கொடுவா என்றால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. இரண்டு பாகம், மிஞ்சினால் மூன்று பாகம் தண்ணீர். முள்ளைக் கழற்றி விட்டால் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விடும். கடலடிப் பாறைத் திட்டான பார் மேல் கிடக்கும் களவாவை அப்படி விட முடியாது. 35 பாகம் என்பது ஏறக்குறைய 64 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு காற்றழுத்தம் கூடுகிறது. அடியில் மீன் தாங்குவது மேலே இருப்பதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். களவாவின் காற்றுப்பைக்குத் தொண்டைப் பக்கம் வழி கிடையாது. உள்ளே இருக்கிற காற்று ரத்தத்தில் கரைந்துதான் குறையவேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நாம் இழுத்து மேலே கொண்டுவருவதோ சில நிமிடங்களில். உள்ளே ஒரு பங்காக இருந்த காற்று ஏழு பங்காக ஊதி, வயிறு பானையாகி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே வந்து நிற்கும்.

மெதுவாக இழுத்தால் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். மூன்று நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கினாலும் அந்தக் காற்று எங்கேயும் போய்விடாது. அதுவுமில்லாமல், கடைசி பத்து மீட்டரிலேயே அது இரட்டிப்பாகிறது. கைத்தூண்டில் இழுத்தவனுக்கு இது கணக்குப் போடாமலே தெரியும். அடியில் பாறையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்த மீன், பாதித் தண்ணீர் தாண்டியதும் லேசாகிவிடும். மீன் களைத்துவிட்டது என்று புதுப் பையன்கள் சந்தோஷப்படுவார்கள். ஊதிப்போன வயிறு மிதவைபோல அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

மெதுவாக இழுக்கலாம் என்பதே முதல் இரண்டு பாகத்துக்குப் பிறகுதான். களவா கடித்ததும் செய்கிற முதல் வேலை பொந்துக்குள் ஓடுவது. உள்ளே போய்ச் செவுளை விரித்து ஒட்டிக்கொண்டால் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, பாறையில் உரசி அறுந்துவிடும். ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு கை தூக்கி வைத்திருக்கவேண்டும். கடித்த நொடியில் மூச்சு விடாமல் மூன்று நான்கு கை இழுத்துவிடவேண்டும். தப்பிப் பொந்துக்குள் போய்விட்டால் முரட்டுத்தனம் உதவாது. நரம்பைத் தளர விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், சில சமயம் அதுவாகவே வெளியே வரும். ஈயத்தை எப்போதும் மெல்லிய நூலில் கட்டவேண்டும். பாறையில் சிக்கினால் ஈயம் மட்டும் போகட்டும், முள்ளும் மீனும் மிஞ்சும். வெள்ளம் இல்லாத நாளில் அரைக் கிலோ ஈயம் போதும். தெண்டி வேகமாக ஓடினால் ஒரு கிலோ போட்டாலும் நரம்பு வில்லாக வளையும். 35 பாகத் தண்ணீருக்கு 45 பாகம் விடவேண்டி வரும்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது. வேண்டுமென்றே போகவிட்டேனோ என்னவோ.

பையன் கேட்டது 'வுட்ரவா' என்று. அதற்கு மூன்று வழி இருந்தது. முதலாவது, அப்படியே தூக்கிப் போடுவது. மீன் மல்லாந்து மிதக்கும், கீழே போக முடியாது, கடற்காகம் கண்ணைக் கொத்தும். அது விடுவது ஆகாது, வீணடிப்பது. இரண்டாவது, குத்திக் காற்றை வெளியேற்றுவது. இங்கேதான் தெரிந்தவர்களே தப்பு செய்கிறார்கள். வாயில் பிதுங்கி நிற்கிற சிவந்த பையைக் காற்றுப்பை என்று நினைத்து முள்ளால் குத்திவிடுவார்கள். அது இரைப்பை. குத்தவேண்டிய இடம் பக்கத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால். செதிலைத் தூக்கி, உள்ளே துளை உள்ள ஊசியைச் சாய்வாக, தலைப் பக்கம் பார்த்து ஏற்றவேண்டும். கத்தி முனையில் குத்தினால் சதை மூடிக்கொள்ளும், காற்று வராது. ஊசி சுத்தமாக இல்லையென்றால் உள்ளே சீழ் பிடிக்கும். ஆடுகிற படகில், வழுக்குகிற மீனில், இதை ஒழுங்காகச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மூன்றாவது வழிக்கு ஊசியே வேண்டாம். ஒரு பெரிய முள், அதன் எதிர்முள்ளை நசுக்கி வழவழப்பாக்கவேண்டும். கயிற்றை முள்ளின் காதில் கட்டாமல் வளைவில் கட்டவேண்டும்; காதிலிருந்து ஈயம் தொங்கவேண்டும். முள் தலைகீழாக நிற்கும். அதை மீனின் கீழுதட்டில் மாட்டி இறக்கினால் ஈயம் மீனைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். இறங்க இறங்க அழுத்தம் கூடி, ஊதியது தானாகச் சுருங்கும். பாதி ஆழத்துக்காவது இறக்கி, கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்றுவிடும். ஒரு கிலோ மீனுக்குக் காற்றுப்பை அடியில் 50 மில்லி இருக்கும். மேலே வரும்போது அது 350 மில்லி ஆகிறது. அந்த மிதப்பை அமுக்க ஒரு கிலோ ஈயம் தாராளம்.

அந்த ஒரு கிலோ ஈயம்தான் காலடியில் கிடந்தது.

ஆனால் கட்டி, மாட்டி, இறக்கி, ஏற்ற ஐந்து நிமிடமாவது ஆகும். மீன் கடிக்கிற நேரம் அது. தூண்டில் ஒன்று சும்மா கிடந்தால் பங்கில்தான் குறையும், அந்தப் பையனின் பங்கிலும்தான். இறக்கி விட்ட மீன் பிழைத்ததா என்று போய்ப் பார்க்கவும் முடியாது. கண்ணும் குடலும் அடிபட்ட மீன் அடியில் போய் இன்னொரு களவாவுக்கு இரையானால், ஐஸில் போட்டதே மேல். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் இதில் ஒன்றுகூட அன்றைக்கு என் மனதில் இல்லை. வாய் பழகின பதிலைச் சொல்லிவிட்டது.

சின்னதை விடு, பெரிசை எடு என்ற கணக்கும் களவாவில் நேராக நிற்பதில்லை. களவா பெண்ணாகத்தான் வளர்கிறது. வயதாகிப் பெருத்த பிறகு சிலது ஆணாக மாறுகிறது. குட்டியை எடுத்தால் முட்டையிடாத பெண் போகிறது. பெரிசை எடுத்தால் இருக்கிற கொஞ்சம் ஆணும் போகிறது. பெரிய முள் போட்டால் குட்டி சிக்காது என்பதும் இதனிடம் பலிக்காது. ஒரு கிலோ களவாவுக்கே வாய் அவ்வளவு பெரிசு. வட்ட முள் போட்டால் வயிற்றுக்குள் விழுங்காமல் உதட்டோரம் மாட்டும். அதனால் கழற்றுவது சுலபம், ஆனால் காற்று காற்றுதான்.

அப்படியென்றால் முடிவு எடுக்கவேண்டிய இடம் மேலே இல்லை, நங்கூரத்தில்தான் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு குட்டி வந்தால் அந்தப் பார் குட்டிகள் கிடக்கிற பார். நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விடவேண்டும். சொல்வது சுலபம். 35 பாகத்துக்கு மூன்று மடங்கு, 105 பாகம் கயிறு விட்டு நிற்கிறோம். படகு பாருக்கு நேர்மேலே நிற்கவேண்டும் என்று நங்கூரத்தை வெள்ளத்துக்கு எதிரே ஏறக்குறைய 100 பாகம் தள்ளிப் போட்டிருக்கிறோம். ஆழம் காட்டும் எக்கோ கருவியைப் பார்த்து, இரண்டு தரம் தப்பி, மூன்றாம் தரம்தான் சரியாக விழுந்திருக்கும். அதைக் கையால் இழுத்து ஏற்றி, டீசல் எரித்து, அடுத்த பாயிண்டுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து. டிரைவர் என்ன சொல்வார் என்று கேட்காமலே தெரியும். கேட்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்து வந்ததும் குட்டிதான். பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. முள்ளைக் கழற்றினான், பெட்டியைத் திறந்தான், ஐஸைக் கையால் ஒதுக்கிப் பள்ளம் பண்ணி, வயிறு கீழே இருக்கும்படி வைத்து மூடினான். அப்படி வைக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.