தெர்மாகோல் மேல் ஒரு ஃபில்டர்

ஜூன் 3, செவ்வாய்

யூஎஸ்பி 3 கேபிளைச் செருகினால் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது. புது வியாதி இல்லை. 2012-லேயே இன்டெல் இதை அளந்து அறிக்கை போட்டுவிட்டது. 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் தரவின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவி நிற்கிறது. தரவைக் கொண்டுபோகும் ஜோடித் தடங்களில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடும்வரை ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். இரண்டிலும் ஒரே திசையில் ஓடும் மிச்சம், அதாவது காமன் மோடு, கேபிளையே ஆன்டெனா ஆக்கிவிடுகிறது. அதைத் தடுக்கும் சுருளான சோக்கைத் தனியாக வைக்க போர்டில் இடமில்லையாம். சரி, தடங்களுக்கு அடியில் இருக்கும் செம்புப் பரப்பான கிரவுண்டைச் செதுக்கி, அதையே ஃபில்டர் ஆக்கிப் பார்ப்போம்.

ஜூன் 5, வியாழன்

கிரவுண்ட் செம்பில் டம்பெல் வடிவ வெட்டு. இரு முனைகளின் அகலம் இண்டக்டன்ஸ், நடுவில் உள்ள குறுகிய இடைவெளி கெபாசிட்டன்ஸ்; எந்த அதிர்வெண் தடுக்கப்படும் என்பதை இரண்டும் சேர்ந்து முடிவு செய்யும். காமன் மோடு கிரவுண்ட் வழியாகத்தான் திரும்ப வேண்டும். மெட்ரோ வேலைக்குச் சாலையைத் தோண்டியதுபோல அந்த வழியை வெட்டிவிட்டால் திணறிப்போகும். எதிரெதிராக ஓடும் டிஃபரன்ஷியல் சிக்னலோ, வெட்டு நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருக்கும்வரை கண்டுகொள்ளாது. முனைகளைச் சுருட்டி 9 மி.மீ.க்குள் அடக்கினேன். சிமுலேஷனில் 2.45 கிகாஹெர்ட்ஸில் 38 டெசிபல் பள்ளம், அதாவது காமன் மோடு அங்கே அவ்வளவு அடங்குகிறது. இவ்வளவு அழகாக வந்தாலே எனக்குப் பயம்.

ஜூன் 9, திங்கள்

பயம் வீண்போகவில்லை. செய்த போர்டை அளக்க எங்களிடம் இருப்பது இரண்டு போர்ட் (இணைப்பு முனை) அனலைசர். நான்கு போர்ட் ஃபில்டருக்கு ஆறு ஜோடியாக அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மீதி இரண்டுக்கு 50 ஓம் லோடு, அதாவது முனையை மூடும் மின்தடை. மாலை வரை திருகித் திருகி விரல் வலித்ததுதான் மிச்சம். பள்ளம் 2.66-இல் உட்கார்ந்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், 0.2 மி.மீ. என்று வரைந்த இடைவெளி 0.28. செம்பை அரிக்கப் போட்ட ஃபெரிக் குளோரைடு அதன் ஓரங்களையும் பக்கவாட்டில் தின்றிருக்கிறது. இடைவெளி அகன்றால் கெபாசிட்டன்ஸ் குறையும், அதிர்வெண் ஏறும். அரிப்புக்கான அடுத்த மாஸ்க்கில் (வடிவ அச்சில்) இடைவெளியை 0.12 என்று வரைந்தேன்.

ஜூன் 11, புதன்

புது போர்டில் பள்ளமே இல்லை! சாலிடரைச் சந்தேகித்து இரண்டு கனெக்டர்களைப் பிடுங்கி மறுபடி வைத்தேன். ஒன்றும் இல்லை. அலுத்துப்போய் போர்டைக் கையில் தூக்கினேன். திரையில் சட்டென்று பள்ளம் விழுந்தது. கீழே வைத்தேன், போய்விட்டது. அடியில் இருந்தது அலுமினியத் தட்டு. வெட்டிய இடத்தை அதுவே ஒட்டிப் பாலம் போட்டிருக்கிறது. டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை வைத்து அளந்தேன்: 2.43, 27 டெசிபல்.

ஆனால் கடைசியில் இது போகப்போவது அலுமினியப் பெட்டிக்குள். அடியில் 3 மி.மீ. தள்ளி உலோகம் வைத்து சிமுலேஷன் ஓட்டினாலே பள்ளம் இடம் மாறுகிறது. மெக்கானிக்கல் தம்பியிடம் பெட்டியின் அடிப்பலகை எவ்வளவு தள்ளி இருக்கும் என்று கேட்டேன். "ஃபில்டருக்கு எதுக்கு சார் அதெல்லாம்?" என்று பதில் வந்திருக்கிறது.