நைரோபி நாட்குறிப்பு: தகரக் கடைகளும் தவணைக் கணக்கும்

மார்ச் 3, 2024, ஞாயிறு

நைரோபியின் கதையை எல்லோரும் ரயிலில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியதுதான். 1896-ல் மொம்பாசாவிலிருந்து போட ஆரம்பித்த தண்டவாளம் 1899 மே மாதக் கடைசியில் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது இங்கே ஊர் என்று எதுவும் கிடையாது. மாசாய்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குளிர்ந்த ஓடை மட்டும் இருந்தது. மேற்கே ஏற்றம், அதைத் தாண்டினால் பெரும் பள்ளத்தாக்கு. அதற்கு முன்னால் தளவாடங்களைச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்று ரயில்வே இங்கே கூடாரம் அடித்தது.

கூடாரத்துக்குப் பின்னாலேயே கடையும் வந்துவிட்டது. ரயில் வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. 2,500-க்குப் பக்கம் பேர் இறந்துபோனார்கள். வேலை முடிந்து இங்கேயே தங்கியவர்கள் 6,700 பேர் இருக்கலாம். கோதுமை மாவு, பருப்பு, நெய், உப்பு இல்லாமல் அத்தனை பேரும் ஒரு நாளைத் தள்ள முடியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூலியாட்கள்தான் பிறகு கடைக்காரர்கள் ஆனார்கள் என்று இங்கே அலுவலகத்தில்கூடச் சொல்கிறார்கள். சிலர் ஆனார்கள். ஆனால் கடை வைத்தவர்களில் பெரும்பகுதி கட்ச்சிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சொந்தச் செலவிலோ உறவினர் செலவிலோ கப்பலேறி வந்தவர்கள். கணக்கு எழுதத் தெரிந்து வந்தவர்கள்.

மார்ச் 6, புதன்

அலிதினா விஸ்ராம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கட்ச்சில் 1851-ல் பிறந்து, சிறுவனாகவே ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து இன்னொருவர் கடையில் வேலை கற்றவர். முதலில் இன்றைய தான்சானியக் கரையிலுள்ள பகமோயோவிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சுமைகூலிப் பாதையில் கடைகள் போட்டார். தந்தமும் கிராம்பும் வாங்கினார், துணியும் உப்பும் விற்றார். தண்டவாளம் நகர ஆரம்பித்ததும் அதோடு சேர்ந்து அவர் கடைகளும் நகர்ந்தன. ரயில் 1901 கடைசியில் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்டது. அதற்கு முன்பே அவர் உகாண்டாவில் கடை திறந்தாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய செல்வம் இல்லை, சரக்கு போன வழிதான். பம்பாய் வியாபாரி மொம்பாசாக்காரருக்குக் கடனாக அனுப்புவார். மொம்பாசாக்காரர் நைரோபி மொத்தக்கடைக்குத் தவணையில் கொடுப்பார். நைரோபிக்காரர், ஏதோ ஒரு மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் தூரத்துச் சொந்தக்காரப் பையனுக்குச் சிட்டை எழுதி மூட்டை கட்டித் தருவார். அடமானம் எதுவும் இருக்காது. ஊர்க்காரன், சாதிக்காரன், ஒரே ஜமாத்துக்காரன் என்பதே ஜாமீன். ஏமாற்றினால் அந்தப் பையனுக்கு இங்கே சரக்கும் கிடைக்காது, ஊரில் பெண்ணும் கிடைக்காது.

விருதுநகரில் அப்பா மளிகைக்கடை நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இது எனக்குப் புரிகிறது. முதல் போட்டுக் கடை வைத்தவர்களைவிட, பெயரை வைத்துச் சரக்கு எடுத்துக் கடை வைத்தவர்கள்தான் எங்கள் பக்கமும் அதிகம்.

மார்ச் 9, சனி

பியாஷாரா தெரு. முன்பு இதற்கு பஜார் தெரு என்று பெயர். இன்றும் வரிசையாகத் துணிக்கடைகள். பூப்போட்ட காங்கா துணிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் "சாச்சாஜி" என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவருடைய தாத்தா ஜாம்நகர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். முதலில் மாமா கடையில் சாப்பாடும் படுக்கையும்தான் சம்பளம். சில வருஷம் கழித்து மாமாவே சரக்குக் கொடுத்துத் தனிக்கடைக்கு அனுப்பினாராம். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதற்குள் குடும்பம் மொத்தமும்.

அந்தக் கடைகளில் என்ன விற்றார்கள் என்று கேட்டேன். வெளுக்காத பருத்தித் துணி, கம்பளி, உப்பு, சர்க்கரை, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், சோப்பு, பித்தளைக் கம்பி, பாசிமணி என்று சொல்லிக்கொண்டே போனார். வெளுக்காத துணிக்கு மெரிக்கானி என்று பெயர். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து, குறிப்பாக அங்குள்ள சேலம் என்ற துறைமுகத்தின் கப்பல்களில், சான்சிபார் தீவுக்கு வந்த துணி அது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் வரத்து விழுந்தது. பிறகு மான்செஸ்டரும் பம்பாயும் அந்தச் சந்தையைப் பிடித்தன, பெயர் மட்டும் மாறவில்லை.

பாசிமணி வியாபாரம் நினைத்ததைவிடக் கடினம். ஒரு பகுதியில் சிவப்பு ஓடும், அடுத்த பகுதியில் அதை யாரும் தொட மாட்டார்கள். நிறம் தப்பினால் மூட்டை அப்படியே தங்கிவிடும். ஆக, வாங்க வந்தவர்களுக்கு ரசனை இருந்தது, தேர்வும் இருந்தது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள் என்பது போல எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கிக்குயூப் பெண்கள் மாசாய்களோடு தானியமும் தோலும் மாற்றி வியாபாரம் செய்தவர்கள்.

மார்ச் 10, ஞாயிறு

1902-ல் பஜாரில் பிளேக் வந்தது. மருத்துவ அதிகாரியின் உத்தரவில் பஜாரையே கொளுத்திவிட்டார்கள். வடிகால் போட்டுத் தரவேண்டிய நிர்வாகம் அதைச் செய்யவில்லை, நெரிசலுக்கும் அழுக்குக்கும் மட்டும் கடைக்காரர்கள் பொறுப்பானார்கள். 1913-ல் ஆய்வுக்கு வந்த சுகாதார நிபுணர் சிம்ப்சனின் அறிக்கை சுகாதாரத்தைக் காரணம் காட்டி இனவாரியாக ஊரைப் பிரிக்கச் சொன்னது. கொளுத்தப்பட்ட கடைகளில் எத்தனை கணக்குப் பேரேடுகள் இருந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. சரக்குப் போனால் மறுபடி வாங்கலாம், பற்று வரவு எரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 14, வியாழன்

பணத்தைப் பற்றி. இந்த நாட்டில் அன்று ஓடியது இந்திய ரூபாய். பதினைந்து ரூபாய்க்கு ஒரு பவுண்டு. 1906 முதல் ரூபாய்க்கு நூறு சென்ட் ஆனது. சிறிய காசுகளின் நடுவில் ஓட்டை இருக்கும், கயிற்றில் கோத்துக் கொண்டுபோகலாம்.

ஆடும் மாடும் தானியமும் வைத்திருந்தவர்களுக்கு ரூபாய் எதற்கு? வரிக்கு. உகாண்டாவில் 1900 ஒப்பந்தப்படி குடிசைக்கு வருஷம் மூன்று ரூபாய். கென்யாப் பக்கமும் குடிசை வரி தொடர்ந்தது. வரி கட்டக் காசு வேண்டுமென்றால் ஒன்று வெள்ளைக்காரர் பண்ணையில் வேலைக்குப் போகவேண்டும், இல்லை தோலையும் எள்ளையும் கடையில் விற்கவேண்டும். எள்ளை எடுத்துக்கொண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்த இடம் இந்தத் தகரக் கடைதான். எடைக்கல் யார் கையில் இருந்ததோ அவர் மேல் சந்தேகமும் கசப்பும் வந்ததில் வியப்பில்லை. சில தராசுகள் சரியாக இல்லை என்பதும் உண்மை.

அப்போது பிரிட்டிஷ் அரசில் காலனித் துறைத் துணை அமைச்சராக இருந்த சர்ச்சில் 1907-ல் இங்கே வந்து பார்த்துவிட்டு, வெள்ளையர் போகாத இடங்களுக்கெல்லாம் இந்திய வணிகர் போயிருக்கிறார் என்று பாராட்டி எழுதினார். அதே அரசு கென்யாவின் வளமான மேட்டுநிலத்தில் அந்த வணிகர் நிலம் வாங்க விடவில்லை. 1923 வெள்ளை அறிக்கையும் மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்பதை உறுதி செய்தது.

மார்ச் 17, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது, வெளியே போகவில்லை. இந்த வாரம் முழுக்க மனதில் ஓடியதை எழுதிவிடுகிறேன்.

பம்பாயில் தொடங்கி மொம்பாசா, நைரோபி, கிராமக் கடை என்று கைமாறி வந்த கடன், கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வாங்க வந்த ஆப்பிரிக்கருக்குக் கொஞ்சம் உப்பும் துணியும் கடனாகக் கிடைத்திருக்கலாம். கடை வைக்கும் அளவுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. அவர் யாருக்கும் மருமகனில்லை, எந்த ஜமாத்திலும் பெயரில்லை. அரசும் தன் பங்குக்கு, ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுத்த பெரிய கடனை நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாதபடி சட்டம் போட்டது. பாதுகாப்பு என்று சொல்லித்தான் போட்டது. விளைவு, எந்த மொத்த வியாபாரியும் அவர்களுக்குத் தவணையில் சரக்குத் தரத் துணியவில்லை. கடை போட ஆசைப்பட்டவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொண்டுவர வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரோ ஒரு ரூபாய்கூட இல்லாமல் தொடங்கியவர்.

விடுதலைக்குப் பிறகு 1967-ல் வந்த வணிக உரிமச் சட்டம், குடியுரிமை வாங்காதவர்கள் எங்கே, எந்தப் பொருளை விற்கலாம் என்று கட்டுப்படுத்தியது. அடுத்த வருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் லண்டனுக்கு விமானம் ஏறினார்கள். உழைத்த குடும்பங்களுக்கு அது பெரிய அநியாயமாகப்பட்டது, அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் 1967-ல் முளைத்ததில்லை. கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சரக்கு கொடுக்க ஆளில்லாமல் போனதில் அது வளர்ந்தது.

சாச்சாஜியிடம் அடுத்த முறை கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: அவர் தாத்தா எந்த ஆப்பிரிக்கருக்காவது மூட்டை கட்டிக் கொடுத்து, "விற்றுவிட்டுப் பணம் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினாரா?